திண்டுக்காரர் சாட்சி

மூட்டையை இறக்கி வச்சுட்டு உக்காருங்க ஐயா. வாசல் இப்போதைக்குத் திறக்காது. நம்ம பக்கக் கதவு தயாராத்தான் இருக்கு, பாருங்க, காவக்காரன் தாழ்ப்பாள்ல கையை வச்சுக்கிட்டே நிக்கிறான். ஆனா அந்தப் பக்கக் கதவும் கூடவே திறக்கணும். ஒரே நேரத்துல. எந்தப் பக்கம் முன்னாடி திறந்தாலும் அந்தப் பக்கத்து ராஜாவுக்குத் தலைகுனிவாம். பாரசீகக் காவக்காரனுக்குக் காலையிலேருந்து வயிறு சரியில்லை, புதர்ப் பக்கம் போனவன் இன்னும் திரும்பலை. ரெண்டு சாம்ராஜ்யமும் ஒருத்தன் வயித்தை நம்பிக் காத்துக்கிட்டு இருக்கு.

மெதுவா, மெதுவா. கண்ணாடிக் குப்பியா உள்ளே? வைக்கோல் போதாதுன்னு தோணுது. சரி, நான் எதுக்கு அதைப் பத்திப் பேசணும். நிசிபிஸ் சந்தைக்குத்தானே? முதல் தடவையா? அப்ப கேட்டுக்கோங்க. உங்க முதுகுப் பக்கம் தெரியுதே, அது தாராக் கோட்டை, ரோமச் சக்கரவர்த்தியோடது. எதிர்ல அரை நாள் நடந்தா நிசிபிஸ் பட்டணம், பாரசீக ராஜாவோடது. நடுவுல இந்தக் குட்டையான எல்லைக்கல். போன வருஷம் வரைக்கும் இந்தக் கல்லைத் தாண்டினவன் தலை இந்தப் பக்கமும் முண்டம் அந்தப் பக்கமுமா கெடக்கும். இப்ப நீங்க கண்ணாடி விக்கப் போறீங்க. இது யாரால? சக்கரவர்த்தியாலன்னு சொல்வீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

என் பேரு பர்சோமா. தாராவுல அந்தப் பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. திண்டுக்காரர்னு கேளுங்க, சின்னப் புள்ளைகூட வீட்டைக் காட்டும். தூதருங்க கூடுற இடத்துல கம்பளம் விரிச்சு, திண்டு போட்டு, யார் எங்க உக்காரணும், யார் தலை யார் தலைக்கு மேல இருக்கலாம், யார் முதல்ல கை கழுவணும்னு வரிசை பாக்கறது என் வேலை. எங்க அப்பாவும் அதே வேலைதான். இந்த ஐம்பது வருஷ சமாதானம்னு பேசிக்கிறாங்களே, அது என் திண்டு மேல உக்காந்து பேசினதுதான். ஆனா அந்தச் சமாதான ஓலையில பன்னிரண்டு பேரோட பேர் இருக்கு, என் பேர் இல்லை. போகட்டும். எனக்கு அதுல வருத்தம் இல்லை. என் வருத்தம் வேற.

என் பொண்டாட்டி அந்தப் பக்கம் இருக்கா ஐயா. நிசிபிஸ்ல, தெற்கு வாசலுக்கு உள்ளே. ஷமூனின்னு பேரு. போர் கொண்டுபோயிடுச்சு.

அப்படிப் பாக்காதீங்க. எல்லாரும் இப்படித்தான் இரக்கமாப் பாப்பாங்க, பழகிப்போச்சு. தாராவுல என்னைப் பாத்தா அத்திப்பழம் கொடுக்காம ஒரு வீட்டுக்காரியும் அனுப்ப மாட்டா. பங்குச் சாமியார் ஞாயித்துக்கிழமை தவறாம, போர்ல சிறைப்பட்டவங்க பட்டியலை வாசிக்கிறப்ப, ஷமூனி பேரை மூணாவதா வாசிப்பார். முதல் ரெண்டு பேரும் தளபதிங்க.

எப்படிக் கொண்டுபோச்சுன்னா, நாங்க அப்ப தாராவுல இல்லை. அதோ அந்த மேட்டுக்கு அப்பால பேத்கர்மான்னு ஒரு பட்டி, பன்னிரண்டு வீடு, சுத்திலும் திராட்சைத் தோட்டம். சிலுவைத் திருநாள் முடிஞ்ச வாரம், திராட்சை மிதிச்ச கால் சாயம்கூடப் போகலை, அவ போயிட்டா. தவக்காலத்துல பாரசீகப் படை வந்துச்சு.

விரலை மடக்கி எண்ணாதீங்க. நடுவுல ஆறு மாசம் இருக்கு, எனக்கும் தெரியும். போர்ங்கிறது மழை மாதிரி ஐயா, வர்றதுக்கு முன்னாடியே வாசனை வந்துடும். அவளுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. போரை மோந்து பாத்துட்டு பயத்துல ஓடியிருக்கா. அந்த அவசரத்துலயும் பாவம், மாவுச் சல்லடை, அடுப்பு மூடி, ரெண்டு ஆடு, தறி, தறியில பாதி நெய்ஞ்ச துணி, எல்லாத்தையும் கட்டிக் கழுதை மேல ஏத்திக்கிட்டுப் போயிருக்கா. வீட்டைக் கூட்டி, எனக்கு மூணு நாளைக்கு ரொட்டி சுட்டு, ஈரத் துணி போட்டு மூடி வச்சிருந்தா. என்ன பதட்டம் பாருங்க.

எந்தத் திசையில போனான்னா, நிசிபிஸ் பக்கம். படை வர்ற பக்கம்தான். பதறினவளுக்குத் திசை தெரியுமா?

சண்டை சச்சரவெல்லாம் எங்களுக்குள்ள கிடையாது. யாரை வேணா கேளுங்க. அதாவது, கேக்கறதுக்கு இப்ப ஆள் இல்லை. தவக்காலத்துல பட்டியைக் கொளுத்திட்டாங்க, பட்டிக்காரங்க திசைக்கொருத்தரா சிதறிட்டாங்க, தாராவுக்கு வந்து சேந்தது நான் ஒருத்தன்தான். எங்க கதையைச் சொல்ல நான் மட்டும்தான் மிச்சம். ஒரு விதத்துல வசதிதான்.

நான் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடிச்சதில்லை ஐயா. வீட்டுல ஒரு வரிசை வேணும்னு சொல்வேன், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் வரிசை பாக்கறவன் வீட்டுல வரிசை இல்லைன்னா சிரிப்பாங்களா இல்லையா? எனக்கு மூணு திண்டு, அவளுக்கு ஒண்ணு. அடுப்போரம் வீட்டுத் தலைவனுக்கு, வந்தவங்களுக்கு வாசல் பக்கம். அந்த வருஷக் குளிர்ல அவ அம்மா வந்திருந்துச்சு, நெஞ்சுச் சளி. "நாலு நாளைக்கு அம்மா அடுப்போரம் படுக்கட்டுமே"ன்னா. நான் எரிஞ்சு விழலை. வழக்கத்தை விளக்கிச் சொன்னேன், பொறுமையா, ரொம்ப நேரம். கேட்டுக்கிட்டா. அந்தம்மா ஆறாம் நாள் கண்ணை மூடிடுச்சு. காலம் வந்தா யாரால நிறுத்த முடியும்? அதுக்கப்புறம் ஷமூனி எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. எட்டு மாசம் வீடு அவ்வளவு அமைதியா இருந்துச்சு. என் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம்னா அதுதான். அதைத்தான் போர் வந்து கெடுத்துச்சு.

வந்துட்டானா? இல்லை, அது ஆடு மேய்க்கிறவன். உக்காருங்க.

போர் எட்டு வருஷம் நடந்துச்சு. நடந்துச்சுன்னு சொல்றதைவிட கெடந்துச்சுன்னு சொல்லலாம். வெயில்ல படையெடுப்பாங்க, குளிர்ல இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவாங்க. ஒரு வருஷம் நாங்க அவங்க களஞ்சியத்தைக் கொளுத்துவோம், அடுத்த வருஷம் அவங்க எங்க களஞ்சியத்தை. கடைசியில ரெண்டு பக்கமும் கொளுத்தக் களஞ்சியம் இல்லை. அப்பத்தான் ரெண்டு ராஜாவுக்கும் உயிர்கள் மேல கருணை பொங்குச்சு. தூதரை அனுப்பினாங்க.

எங்க கூடறது? தாராவுல கூடினா பாரசீகக்காரன் தேடி வந்ததா ஆயிடும். நிசிபிஸ்ல கூடினா ரோமக்காரன். அதனால இந்தக் கல்லு மேலயே கூடாரம் போட்டோம். கல்லு கூடாரத்துக்கு நட்ட நடுவுல. மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல். ரெண்டு தூதரும் ஒரே நேரத்துல வலது காலை உள்ள வைக்கணும். அதுக்கு ரெண்டு நாள் ஒத்திகை பாத்தோம். கிழவனுங்க ரெண்டு பேரும் கல்யாண மாப்பிள்ளைங்க மாதிரி வெளிய போய் வெளிய போய் உள்ள வந்தாங்க.

நம்ம தூதர் லியோந்தியஸ். பெரிய படிப்பாளி. நின்னா என் தோளுக்கு வருவார். குள்ளமா இருக்கறதுல தப்பில்லை ஐயா, ஆனா தான் குள்ளம்னு ஒத்துக்கிடாத குள்ளர் ஆபத்து. பாரசீகத் தூதர் ஆதுர்பந்த், பனைமரம். தாடியே ஒரு முழம். பேசவே மாட்டார், பேசினா மரியாதை வழியும்.

சரி, உக்கார வைக்கணும். நான் ஆளுக்கு நாலு திண்டு போட்டேன். ஒரே உயரம், ஒரே பஞ்சு, நூல் பிடிச்சுப் பாத்தேன். உக்காந்தாங்க. லியோந்தியஸ் அண்ணாந்து பாத்தார், ஆதுர்பந்த் குனிஞ்சு பாத்தார். முடிஞ்சுது. லியோந்தியஸ் எழுந்துட்டார். "ரோமப் பேரரசின் தலை பாரசீகத்தின் தலைக்குக் கீழே இருக்க முடியாது. எனக்கு ஆறு திண்டு வேண்டும்"னார். ஆதுர்பந்த் தாடியைத் தடவிக்கிட்டு, "தலையைக் கொடுத்தது கடவுள், திண்டைக் கொடுத்தது அரசர். அரசர் கொடுத்தது சமமாக இருக்க வேண்டும்"னார். தலை சமமா இருக்கணும்ங்கறார் இவர், திண்டு சமமா இருக்கணும்ங்கறார் அவர். இப்படியே மூணு நாள். வெளிய ரெண்டு பக்கமும் படை நிக்குது. எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்ன மாதிரி பன்னிரண்டு துபாஷிங்க, இந்தப் பக்கம் ஆறு அந்தப் பக்கம் ஆறு, பாஷை மாத்திச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாம வெயில்ல காயறாங்க.

நாலாம் நாள் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? காலையில எல்லாரும் பூசைக்குப் போன நேரம், பாரசீகத் தூதர் உக்கார்ற இடத்துல கம்பளத்தைச் சுருட்டிட்டு, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டினேன். மண்ணை என் மேல்துணியில கட்டி வெளிய கொட்டினேன். கம்பளத்தை விரிச்சேன், நாலு திண்டை அடுக்கினேன். வந்து உக்காந்தாங்க. திண்டு நாலு, நாலு. தலையும் தலையும் நேருக்கு நேர். லியோந்தியஸ் முகத்துல வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே. தான் வளந்துட்டதாவே முதல்ல நினைச்சுட்டார். ஆதுர்பந்த் திண்டை எண்ணிப் பாத்தார், நாலு. குறை சொல்ல ஒண்ணுமில்லை. முழங்கால் மட்டும் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு, அதை வயசுன்னு விட்டுட்டார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் ஐயா. ரெண்டு சாம்ராஜ்யம் மூணு நாளாத் திணறினதை ஒரு மண்வெட்டி முடிச்சுது.

லியோந்தியஸ் வெளிய வந்ததும் என் காதோரமா, "திண்டுக்காரரே, என்ன வேண்டுமோ கேளும்"னார். கம்பளத்துக்கு அடியில இருந்த பள்ளத்தை அவர் மட்டும் அப்புறமாக் கவனிச்சிருக்கார். நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டேன். அப்ப எனக்கு ஒண்ணும் தோணலை.

தோணினது ஒன்பதாம் நாள். ஷரத்து ஷரத்தாப் பேசிக்கிட்டு வந்தாங்க. எந்த மலைப் பாதையை யார் காவல் காக்கறது, யாவாரிங்க எந்த வாசல் வழியா மட்டும் வரலாம், அதனாலதான் இன்னிக்கு நீங்க இங்க உக்காந்திருக்கீங்க. ஆறாவதா எல்லை தாண்டிப் போன ஜனங்க விஷயம் வந்துச்சு. நான் அப்ப லியோந்தியஸ் முதுகுத் திண்டைச் சரிபண்ணிக்கிட்டு இருந்தேன். காது மட்டும் சும்மா இருக்குமா?

ஷரத்து இதுதான், நல்லாக் கேளுங்க. போர் நடந்தப்ப இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போனவங்க, விருப்பப்பட்டாத் திரும்பலாம். விருப்பம் இல்லைன்னா இருக்கலாம். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனா சமாதானக் காலத்துல போனவங்களை, விருப்பம் இருந்தாலும் இல்லாட்டாலும், பிடிச்சுக் கட்டி அனுப்பிடணும். ரெண்டு தூதரும் இதுக்கு மட்டும் ஒரு வாய்த் தண்ணி குடிக்கிற நேரத்துல தலையாட்டிட்டாங்க. ஏன்னா நியாயம் இருக்கு. போர்ல ஓடறவன் பயத்துல ஓடறான், அதுல ராஜாவுக்கு அவமானம் இல்லை. போர் இல்லாதப்ப ஒருத்தன் கிளம்பிப் போறான்னா, அந்த ராஜா கிட்ட இருக்கப் பிடிக்கலைன்னு அர்த்தம். அதை எந்த ராஜா பொறுத்துக்குவான்? எனக்கு அந்த ஷரத்து ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

அப்புறம்தான் உறைச்சுது. ஷமூனி போனது சிலுவைத் திருநாள் வாரம். படை வந்தது தவக்காலம். அப்படிப் பாத்தா, சட்டப்படி பாத்தா, அவ போனது சமாதானக் காலம். விருப்பம் கேக்க வேணாம். கட்டி அனுப்பிடுவாங்க. எட்டு வருஷம் ஐயா. எட்டு வருஷமா நானே அரைச்சு நானே சுட்டுத் தின்ன ரொட்டி. ராத்திரி பகல்னு இல்லை, அவ இருமினா எப்படி இருமுவாங்கறதுகூட மறந்துபோகுமோன்னு பயம். அவ வேணும் எனக்கு. அதை எதுக்கு மறைக்கணும்? அவ வேணும்.

லியோந்தியஸ் கால்ல விழுந்தேன். "கேட்கச் சொன்னீங்களே, இதுதான்"னேன். அவர் மனசு இளகிட்டார். ஷரத்து சரியா வேலை செய்யுதான்னு பாக்க முதல் வழக்கா இதையே எடுத்துக்கலாம்னு ஆதுர்பந்த் கிட்டப் பேசினார். அவரும் சரின்னார். நிசிபிஸ்லேருந்து அவளைக் கூட்டிட்டு வர ஆள் போச்சு. மூணாம் நாள் விசாரணை.

அந்த மூணு நாளும் நான் கழுதை மேல போறப்ப வர்றப்ப ஒத்திகை பாத்தேன். "சமாதானக் காலத்துல போனா. படை வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி, தானாப் போனா." அவ்வளவுதான். ரெண்டு வாக்கியம். கழுதை காதை ஆட்டிக்கிட்டுக் கேட்டுச்சு. கழுதைக்கு முன்னாடி நல்லாத்தான் வந்துச்சு.

அன்னிக்குக் கூடாரத்துல ஒரு சங்கடம். சாட்சி சொல்ல வர்ற பொம்பளைக்கு எங்க இடம் போடறது? எங்க அப்பா காலத்துலேருந்து அப்படி ஒரு வழக்கே வந்ததில்லை. யோசிச்சு, கிழக்கு வாசல் பக்கத்துல ஒரு கோரைப் பாய் போட்டேன். சாட்சிக்கு அதுதான் வரிசை. அவ வந்தா. வந்து பாயைப் பாத்தா. என்னைப் பாத்தா. உக்காரலை, நின்னுக்கிட்டே இருந்தா. மரியாதை தெரிஞ்சவ.

நல்லா இருந்தா ஐயா. அதைச் சொல்லணும். முழங்கை வரைக்கும் மாவுத் தடம், முகத்துல அடுப்புச் சூட்டுச் சிவப்பு. சிறையில இருக்கறவங்க இளைச்சுப் போவாங்கன்னு சாமியார் சொல்லியிருந்தார். இவ ஒரு சுத்துப் பூசியிருந்தா. கூட வந்த பாரசீகச் சிப்பாய் அவ கையால ரொட்டி வாங்கித் தின்னுக்கிட்டு நின்னான்.

லியோந்தியஸ் எழுந்தார். அவர் சுருக்கமா முடிச்சிருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும். படிச்சவங்களுக்குச் சுருக்கம் எங்க வருது? "இந்த எளிய மனிதரைப் பாருங்கள். எரிகிற வீட்டிலிருந்து போர் இவர் மனைவியைப் பறித்துப் போனது. எட்டு ஆண்டுகளாக இவர் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை"ன்னு ஆரம்பிச்சு, நெருப்பை ஊதி வளர்க்கிற மாதிரி வளத்திக்கிட்டே போனார். எனக்காக வந்திருந்த பங்குச் சாமியார் தேம்பித் தேம்பி அழறார். ஞாயித்துக்கிழமை தவறாம அவ பேரை வாசிச்சவராச்சே. தாராவுலேருந்து முப்பது பேர் வந்து கூடாரத்துக்கு வெளிய நிக்கிறாங்க. அத்திப்பழம் கொடுத்த அத்தனை பொம்பளைங்களும்.

ஆதுர்பந்த் ஷமூனியைப் பாத்து, "அம்மா, தாங்கள் எல்லை தாண்டியது போர்க்காலத்திலா, சமாதானக் காலத்திலா?"ன்னு கேட்டார். சத்தியம் பண்ண அவ முன்னாடி சுவிசேஷப் புத்தகத்தை நீட்டினாங்க. அவ அதைத் தொடலை.

"எனக்கு நாள் கிழமை எண்ணத் தெரியாதுங்க. அவருக்குத் தெரியும். அவர் என்ன சொல்றாரோ அதுதான்"னா.

பாத்தீங்களா? எட்டு வருஷம் கழிச்சும் புருஷன் சொல்தான் வேதம். இத்தனைக்கும் நாள் கிழமை தெரியாதவ இல்லை, நோன்பு எப்ப, திருநாள் எப்பன்னு பேத்கர்மாவுக்கே அவதான் சொல்வா. பயத்துல மறந்திருப்பா.

எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. ரெண்டு தூதர், பன்னிரண்டு துபாஷி, சாமியார், ஒட்டிக்கிட்டு நிக்கிற ஜனம். புத்தகம் என் கைக்கு வந்துச்சு. நான் வாயைத் திறந்தேன். "சமாதானக் காலத்துல போனா"ன்னு ஒரு வாக்கியம். சொன்னா அவ என் வீட்டுக்கு வந்துடுவா. அன்னிக்கே. கட்டியாவது கொண்டுவந்து விட்டுடுவாங்க. ஆனா சொன்னா இந்த முப்பது பேரும் என்ன நினைப்பாங்க? போர் இல்லை, படை இல்லை, நெருப்பு இல்லை. நல்ல வெயில்ல, வீட்டைக் கூட்டி வச்சுட்டு, என்னை விட்டுட்டு நடந்து போனான்னு. சாமியார் மூக்கைச் சிந்திக்கிட்டு என்னையே பாக்கறார்.

"போர்க்காலம்"னேன்.

ஒரு பிடி காத்து வந்து போன மாதிரி எல்லாரும் மூச்சு விட்டாங்க. ஆதுர்பந்த், "எந்த நாள்?"னார். எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலை, கொட்டிட்டேன். தவக்காலத்து மூணாவது வெள்ளிக்கிழமை, கூரையில நெருப்பு, நான் அவ கையைப் பிடிக்கப் போறேன், நடுவுல குதிரைங்க, கை நழுவுது. சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துடுச்சு. லியோந்தியஸ் கண்ணைத் துடைச்சார். துபாஷிங்க எழுதறதை நிறுத்திட்டாங்க. அவ மட்டும் அழலை. என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. கல்யாணத்தன்னிக்குக்கூட அவ என்னை அப்படிப் பாத்ததில்லை ஐயா. ஏதோ நான் பெரிய உபகாரம் பண்ணின மாதிரி.

அப்புறம் ஷரத்துப்படி அந்தக் கேள்வி. "விருப்பம் இருந்தால் திரும்பலாம், இல்லாவிட்டால் இருக்கலாம். தங்கள் விருப்பம்?"

"இல்லைங்க"ன்னா.

ஒரு வார்த்தை. அதைப் பன்னிரண்டு துபாஷியும் பாரசீகத்துல ஒண்ணு, நம்ம பக்கத்துக் கிரேக்கத்துல ஒண்ணுன்னு எழுதி, சரிபாத்து, அரக்கு உருக்கி ஊத்தி, பன்னிரண்டு முத்திரை குத்தினாங்க. எல்லைக்கல் பெயர்ந்தாலும் அந்த "இல்லை" பெயராது.

வலிச்சுது. இங்க, நெஞ்சுல, யாரோ உக்காந்த மாதிரி. இப்பவும் அந்தப் பக்கத்துலேருந்து காத்தடிச்சு ரொட்டி வாசனை வந்தா வலிக்கும். அவ போறப்ப என் பக்கமா வந்து, "உடம்பைப் பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுத் தலைத்துணியை இழுத்து விட்டுக்கிட்டா. வாசலைத் தாண்டினதும் அந்தச் சிப்பாய் ஏதோ கேட்டான், இவ சிரிச்சா. சத்தமாவே சிரிச்சா. அவ சிரிப்பு எப்படி இருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

பாரசீகத் தூதருக்கு முன்னாடி அவ வேற என்ன சொல்ல முடியும்? விருப்பம்னு சொன்னா சும்மா விடுவாங்களா? மிரட்டி வச்சிருப்பாங்க. தாராவுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சாமியார் இப்பவும் ஞாயித்துக்கிழமை அவ பேரை வாசிக்கிறார், இப்ப முதல் பேரா. தளபதிங்க ரெண்டு பேரும் விடுதலையாகி வந்துட்டாங்க.

அதோ வர்றான் பாருங்க, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. மூட்டையைத் தூக்குங்க, ரெண்டு கதவும் ஒரு மூச்சுத்தான் திறந்திருக்கும். உங்க பேரைக்கூடக் கேக்கலை நான். இருக்கட்டும், அது இப்ப அவசரமில்லை. தெற்கு வாசல் தாண்டினதும் வலது கைப் பக்கம் மூணாவது கடை, அவளோடது. ரொட்டி வாங்குங்க, நல்லா இருக்கும். தாராவுலேருந்து வர்றேன்னு பேச்சுவாக்குல சொல்லுங்க. திண்டுக்காரர்னு ஒருத்தர் கூட உக்காந்திருந்தேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு அவ முகத்தைப் பாருங்க. அவ என்னைப் பத்தி ஏதாவது கேட்டான்னா, எப்படி இருக்கார், சாப்பிடறாரா, இப்படி ஏதாவது, அதை அப்படியே வந்து எனக்குச் சொல்லணும். நான் இங்கயேதான் இருப்பேன்.

ஒண்ணும் கேக்கலைன்னாலும், கேட்டான்னே சொல்லுங்க ஐயா. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க. இந்தப் பக்கம் நாலு பேர் நின்னுக்கிட்டு இருப்பாங்க.